நண்டலாற்றைத் தாண்டி: மண்டபத்தூரிலிருந்து அருங்காட்சியகங்களுக்கு

இந்த அத்தியாயம் மண்டபத்தூர்க்காரர்களுக்காக எழுதியது. பக்கத்தில் உள்ள காளிக்குப்பம், பூவம், வரிச்சிக்குடி, கோட்டுச்சேரி மக்களுக்கும் வழி இதேதான். நம் ஊரில் அருங்காட்சியகம் இல்லை. ஆனால் வீட்டை விட்டுப் புறப்பட்ட அரை மணி நேரத்தில், கடலோரக் கோட்டைக்குள் இருக்கும் ஓர் அருங்காட்சியகத்தின் வாசலில் நிற்கலாம். விடியற்காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பும் தூரத்தில், உலகம் தேடி வந்து பார்க்கும் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன. இவ்வளவு அருகில் இருந்தும், பள்ளிச் சுற்றுலாவில் ஒருமுறை வரிசையாக நடந்து வெளியே வந்ததோடு நம் பிள்ளைகளுக்கும் அருங்காட்சியகத்துக்கும் உள்ள உறவு முடிந்துவிடுகிறது. அது எனக்குப் பெரிய வருத்தம். அதைத் தொடரச் செய்வதற்கான வழிகளையே இங்கே சொல்லப் போகிறேன்.

எந்த அருங்காட்சியகத்திலும் இரண்டு வகைக் காட்சிகள் உண்டு. ஆண்டு முழுவதும் இடம் மாறாமல் இருப்பவை நிலையான காட்சிகள். ஏதாவது ஒரு பொருளை ஒட்டிச் சில வாரங்கள் மட்டும் வைத்துவிட்டு எடுப்பவை சிறப்புக் காட்சிகள். சென்னைக்காரர்கள் சிறப்புக் காட்சிக்காக நாளிதழில் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். கடைமடையில் வாழும் நமக்குப் பஞ்சாங்கமே போதும். தஞ்சாவூர்க் கண்ணாடிப் பேழைக்குள் நிற்கும் அதே வகைத் திருமேனிகள், ஆனியிலும் மாசியிலும் பட்டு உடுத்தி, மாலை சூடி, நம் தெருவழியே தோளில் ஏறி வருகின்றன. தெருவில் பார்க்கும்போது முகமும் கையும் மட்டுமே தெரியும். அருங்காட்சியகத்தில் சிற்பி செய்த முழு உடலும் தெரியும், ஆனால் நாதஸ்வரமும் கூட்டமும் இருக்காது. இரண்டையும் பார்த்தவருக்குத்தான் முழுசாகப் பார்த்த நிறைவு வரும். ஆகவே ஒவ்வொரு அருங்காட்சியகப் பயணத்தையும் ஒரு திருவிழாவோடு இணைத்துத் திட்டமிடுங்கள். ஒரே ஆண்டுக்குள் இரண்டையும் பார்த்துவிட்டால் போதும். நாள் கணக்கு முக்கியமில்லை.

எப்போது கிளம்பலாம்

கடல் தொழில் செய்யும் குடும்பங்களுக்கு ஏற்ற காலம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். பள்ளி விடுமுறையும் அதற்குள்ளேயே வருகிறது. ஏப்ரல் 18 உலக மரபு நாள். மே 18 உலக அருங்காட்சியக நாள். இந்த இரண்டு நாள்களை ஒட்டி அரசு அருங்காட்சியகங்களும் தொல்லியல் துறைகளும் சிறப்புக் காட்சி, சொற்பொழிவு, மாணவர் போட்டி என்று ஏதாவது ஏற்பாடு செய்வது வழக்கம். சித்திரைப் பௌர்ணமிக்குப் பூம்புகாரில் இந்திர விழாவும் அந்தப் பருவத்தில்தான். தடைக்கால நிவாரணத்தை நம்பி நாளை ஓட்டும் வீட்டில் சுற்றுலாவா என்று கேட்பவர்கள் உண்டு. தரங்கம்பாடிக்குப் போய்வர ஆகும் செலவு டவுனுக்குப் போய்வரும் செலவுதான். நுழைவுக் கட்டணமும் சொற்பம்.

வெயில்தான் ஒரே தொல்லை. காலை பத்து மணிக்குள் உள்ளே இருக்கும்படி கிளம்புங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியூர்ப் பயணம் வேண்டாம். நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம் வரும். அந்த வாரம் மழை விட்டிருந்தால் தரங்கம்பாடிக்கு மட்டும் ஒரு நடை போய் வரலாம். தை பிறந்து மாசி வரை உள்ள நாள்களே மிக இதமானவை. தஞ்சாவூர், புதுச்சேரி போன்ற நீண்ட பயணங்களை அப்போது வைத்துக்கொள்ளுங்கள்.

விடுமுறை நாளைக் கவனிக்காமல் போய் ஏமாறுவது நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கிறது. தமிழ்நாட்டில் பல அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. நாமோ வெள்ளிக்கிழமையில்தான் திருக்கடையூர், திருவெண்காடு என்று கோயில் பயணம் வைப்போம். வழியில் தரங்கம்பாடிக் கோட்டையில் இறங்கினால் கதவு பூட்டியிருக்கும். புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. தஞ்சாவூர் சரசுவதி மகாலுக்குப் புதன். மூன்று இடத்துக்கும் மூன்று நாள் என்பதால், நேரமும் கிழமையும் மாறியிருக்கின்றனவா என்று முந்தின நாள் ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுக்கொள்வது நல்லது.

தரங்கம்பாடி: முதல் பாடம்

பூவத்தைத் தாண்டி, நண்டலாற்றுப் பாலத்தைக் கடந்தால் தமிழ்நாடு. பொறையாரில் இறங்கி ஆட்டோவிலும் போகலாம், தரங்கம்பாடி நிறுத்தம் வரை பேருந்திலும் போகலாம். நகர வாயிலுக்குள் நுழைந்து ராஜ வீதியில் கடலை நோக்கி நடங்கள். 1701இல் கட்டிய சீயோன் தேவாலயமும் 1718இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயமும் அதே வீதியில் எதிரும் புதிருமாக நிற்கின்றன. வீதி முடியும் இடத்தில் டான்ஸ்போர்க் கோட்டை.

தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் 1620இல் ஒப்பந்தம் செய்துகொண்டு டென்மார்க்கின் ஓவே ஜெத்தே எழுப்பிய கோட்டை இது. அப்போது நாயக்கர் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்தியானுக்குப் பொன்னோலையில் தமிழில் ஒரு கடிதம் எழுதினார். அந்த ஓலை இன்றும் கோபன்ஹேகனில் உள்ள அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1845இல் செரம்பூர் உள்ளிட்ட தங்கள் இந்திய இடங்களோடு தரங்கம்பாடியையும் டேனியர்கள் ஆங்கிலேயக் கம்பெனிக்குப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டுப் போனார்கள். தெற்கே நம் காரைக்கால் 1739இலேயே பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்துவிட்டது. ஆக, மண்டபத்தூரில் நின்று ஒரு பக்கம் திரும்பினால் பிரான்சு, மறுபக்கம் திரும்பினால் டென்மார்க், நடுவில் ஒரு சிற்றாறு. பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடத்தைத் தொடங்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

கோட்டையின் கீழ்த்தளம் முழுக்க வளைவுக் கூரை போட்ட அறைகள். கிடங்கும் சிறையும் அங்கேதான் இருந்தன. மேல்தளத்தில் ஆளுநரும் பாதிரியாரும் தங்கினார்கள். அந்த மேல்தளத்தில்தான் தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். பீங்கான் பாத்திரங்கள், கண்ணாடிப் பொருள்கள், டேனிஷ் ஆவணங்கள், சீனத் தேயிலைச் சாடிகள், மாக்கல் விளக்குகள், சுடுமண், சுதை உருவங்கள், வாள், ஈட்டி, சிறு பீரங்கிக் குண்டுகள், திமிங்கில எலும்பின் பகுதிகள் என்று கலந்து இருக்கும். எல்லாவற்றையும் பார்த்தே ஆகவேண்டும் என்று ஓடாதீர்கள். ஆளுக்கு ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அதன்முன் பத்து நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். சீனத் தேயிலைச் சாடி ஒன்றையே எடுத்துக்கொள்வோம். வாய் எவ்வளவு அகலம், உள்ளே கை நுழையுமா, அடியில் மெருகு பூசாமல் விட்ட வளையம் தெரிகிறதா, தூக்க என்ன வசதி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வந்தால், சீனத்தில் சுட்ட சாடி டேனிஷ் கோட்டைக்கு எப்படி வந்தது என்ற கேள்வி பிள்ளையின் வாயிலிருந்து தானாக வரும். அந்தக் கேள்விக்குப் பிறகு பெரியவர்கள் பேசலாம். அதற்குமுன் பேசினால் பாடம் நடத்துவது போலாகிவிடும்.

காவல் இருக்கும் ஊழியர்களிடம் பேச்சுக் கொடுங்கள். “ஐயா, இது எந்த ஊர்ல கிடைச்சது?” என்று ஒரு பொருளைக் காட்டிக் கேட்டால் போதும். பலகையில் இரண்டு வரியோடு நின்றுவிட்ட செய்தி அவர்கள் வாயில் விரிவாக வரும். பல ஆண்டு அந்த அறையிலேயே உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள்.

கோட்டைக்கு அருகே மிஷனரி சீகன்பால்கு வாழ்ந்த வீட்டை அருங்காட்சியகமாக்கி இருக்கிறார்கள். 1706 ஜூலை 9இல் இந்தக் கரையில் இறங்கிய சீகன்பால்கு, தமிழ் படித்து, ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்து, 1708லேயே அவற்றுக்கு ஒரு பட்டியலும் எழுதினார். அச்சுக்கூடம் வந்தது, 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. தாள் தட்டுப்பாட்டைத் தீர்க்கப் பொறையாரில் காகித ஆலையே வைத்தார்கள். நாம் பேருந்து மாறும் அதே பொறையார்தான்! இங்கிருந்து மிஷனரிகள் அனுப்பிய ஓலைச்சுவடிகளும் பொருள்களும் ஜெர்மனியின் ஹாலே நகரில், 1698இல் தொடங்கிய ஒரு பழைய அரும்பொருள் கூடத்தில் பாதுகாப்பாக இருக்கின்றன.

மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இங்கே நான் தவறாமல் சொல்லும் ஒரு செய்தி உண்டு. டேனியர் காலத்தில் தரங்கம்பாடியிலிருந்து சங்கு, சிப்பி, நண்டு, பூச்சி என்று எத்தனையோ உயிரினங்களை ஐரோப்பிய அரும்பொருள் கூடங்களுக்குக் கப்பலேற்றினார்கள். 1798இல் ஃபாப்ரிசியஸ் என்ற டேனிஷ் அறிஞர் நம் உப்பங்கழிகளில் பிடிபடும் ஒருவகைச் சேற்று நண்டுக்கு நம் கரையை வைத்தே அறிவியல் பெயர் சூட்டினார். இன்று அது ஸ்கில்லா ட்ராங்குபாரிகா. தரங்கம்பாடி நண்டு என்றே பொருள். ஒரு சிறு செந்நிறப் புறாவுக்கும் ட்ராங்குபாரிகா என்ற பெயர் உண்டு. நம் அப்பாமார் வலையில் வருவது உலக நூலகங்களில் நம் கரையின் பெயரோடு பதிவாகி இருக்கிறது. கோட்டையின் திமிங்கில எலும்புமுன் நின்று இதைச் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகளின் முகம் மாறும்.

திரும்பும்போது கடலோரம் இருக்கும் மாசிலாமணிநாதர் கோயிலையும் பார்த்துவிடுங்கள். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அதன் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது.

ஆனந்தமங்கலம்: திரும்பி வந்தவர்கள்

தரங்கம்பாடியிலிருந்து திருக்கடையூர் போகும் வழியில் ஆனந்தமங்கலம். அங்குள்ள ராஜகோபாலப் பெருமாள் கோயிலிலிருந்து 1978இல் ராமர், லட்சுமணர், சீதை செப்புத் திருமேனிகள் திருடுபோயின. விஜயநகர காலத்தவை. அவை லண்டனில் இருப்பது நாற்பது ஆண்டு கழித்துத் தெரியவந்தது. அவை இந்தக் கோயிலுடையவையே என்று உறுதி செய்ய உதவியவை, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1958இல் அந்தக் கோயிலில் எடுத்து வைத்திருந்த புகைப்படங்கள். 2020 செப்டம்பரில் லண்டன் காவல்துறை அவற்றை இந்தியத் தூதரகத்திடம் ஒப்படைத்தது. பின்னர் அவை தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தன.

அருங்காட்சியக வழிகாட்டியில் இதை ஏன் சேர்த்தேன் என்றால், நம் வட்டாரத்தில் சிலைகளைப் பார்ப்பது, படம் எடுப்பது, அளவு குறித்து வைப்பது எல்லாம் வெறும் பொழுதுபோக்கு இல்லை. 1955இல் தொடங்கிய அந்த ஆய்வு நிறுவனம் ஊர் ஊராகப் போய் எடுத்த படங்களால்தான் பல திருமேனிகள் வீடு திரும்பின. திருட்டுப் பயத்தால் இன்று நம் பக்கத்துச் சிறு கோயில்களின் உற்சவர்கள் பலர் திருவாரூரில் உள்ள உலோகத் திருமேனி பாதுகாப்பு மையத்தில் இருக்கிறார்கள். விழாவுக்கு ஊருக்கு வந்துவிட்டு மீண்டும் அங்கே போய்விடுவார்கள். உங்கள் ஊர்க் கோயில் உற்சவர் விழாவுக்கு வரும் நாளில், அர்ச்சகரிடம் கேட்டு அனுமதி உள்ள இடத்தில் தெளிவாக ஒரு படம் எடுத்துத் தேதி எழுதி வையுங்கள்.

தஞ்சாவூர்: ஒரே ஒரு திருமேனிக்காக

ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் போகவேண்டும். முழு நாள் வேலை. அரண்மனை வளாகத்துக்குள் 1951இல் தொடங்கிய கலைக்கூடம் இருக்கிறது. பெரிய கோயிலையும் அரண்மனையையும் மணிமண்டபத்தையும் ஒரே நாளில் முடிக்க நினைப்பவர்கள் கலைக்கூடத்துக்குக் கால் மணி நேரம்தான் கொடுப்பார்கள். நீங்கள் இரண்டு மணி நேரம் கொடுங்கள். பெரிய கோயிலை மாலையில் பார்த்துக்கொள்ளலாம்.

உள்ளே போனதும் நேராகத் திருவெண்காட்டுத் திருமேனிகளிடம் போங்கள். திருவெண்காடு நம் ஊரிலிருந்து வடக்கே, சீர்காழிக்கும் பூம்புகாருக்கும் இடையில் இருக்கும் ஊர். அங்கே மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தவை இவை. அவற்றில் ரிஷபவாகன தேவர் கி.பி. 1011இலும், பக்கத்தில் நிற்கும் தேவி 1012இலும் செய்தவை என்று கோயில் கல்வெட்டிலிருந்து தெரிகிறது. சோழர் செப்புத் திருமேனிகளில் இப்படி ஆண்டு தெரிந்தவை மிகக் குறைவு. ராஜராஜன் உயிரோடு இருந்த காலம். தஞ்சைப் பெரிய கோயில் முடிந்த கையோடு நடந்த வேலை.

தேவரின் வலக்கையைப் பாருங்கள். எதன்மீதோ சாய்ந்தாற்போல் வளைந்து நிற்கிறது. அங்கே இருக்க வேண்டிய காளை இப்போது இல்லை. காளை இல்லாமலே அது அங்கே இருப்பது நமக்குத் தெரிகிறது. உடலின் பாரம் ஒரு காலில் இறங்கியிருக்கிறது. மற்றக் கால் குறுக்கே வந்து இலகுவாக ஊன்றியிருக்கிறது. தலையில் மகுடம் கிடையாது. கூந்தலையே பாம்புகளோடு சேர்த்துத் தலைப்பாகைபோல் சுற்றி முடித்திருக்கிறார் சிற்பி. பின்பக்கம் போக இடம் இருந்தால் கட்டாயம் போய்ப் பாருங்கள். கோயிலில் ஒருநாளும் பார்க்க முடியாத முதுகு அது. முன்பக்கத்துக்குச் செய்த அதே அக்கறையோடு அதையும் செய்திருக்கிறார்கள்.

அடுத்துப் பீடத்தைப் பாருங்கள். பக்கவாட்டில் வளையமோ துளையோ இருக்கும். தண்டு கோத்துத் தோளில் தூக்கிச் செல்வதற்கு. ஊர்வலம் போகவே செய்த திருமேனி என்பதற்கு அதுவே அடையாளம். சில திருமேனிகளில் மூக்கும் கன்னமும் மழுங்கியிருக்கும். நூற்றாண்டுக் கணக்கில் அபிஷேகம் செய்து துடைத்த கைகள் தேய்த்தது. மண்ணுக்குள் இருந்து வந்தவற்றில் பாசி நிறப் பூச்சு படிந்திருக்கும். இவற்றைப் பார்க்கத் தெரிந்துவிட்டால், ஒரு திருமேனி நெடுங்காலம் வழிபாட்டில் இருந்ததா, சீக்கிரமே புதைந்துவிட்டதா என்று நீங்களே ஊகிக்கலாம்.

செய்முறையும் தெரிந்து போனால் கண் இன்னும் கூர்மையாகும். முதலில் மெழுகில் முழு உருவமும் செய்வார்கள். அளவுக்குத் தென்னை ஓலை நறுக்கை மடித்து மடித்துப் பயன்படுத்துவார்கள். மேலே காவிரி வண்டல் மண்ணைப் பூசி, காயவைத்து, சூடாக்கி மெழுகை வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை உருக்கி ஊற்றுவார்கள். பிறகு மண் அச்சை உடைத்தாக வேண்டும். ஆகவே ஒரு மெழுகுக்கு ஒரு திருமேனிதான், இரண்டாவது கிடையாது. சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் இப்படித்தான் செய்கிறார்கள். கும்பகோணம் வழியாகத் திரும்பினால் ஒரு பட்டறைக்குள் நுழைந்து பார்க்கலாம்.

இதே கூடத்தில் திருவெண்காட்டுப் பிச்சாடனரும் உண்டு. பதினொன்றாம் நூற்றாண்டு. காலில் பாதக்குறடு, அரையில் பாம்பு, உடலில் துணி இல்லை. இவரை மனத்தில் பதித்துக்கொண்டு வாருங்கள். ஆனிப் பௌர்ணமிக்குக் காரைக்கால் மாங்கனித் திருவிழாவில் பவழக்கால் சப்பரத்தில் பிச்சாண்டவர் வீதியுலா வருவாரே, அவர் இவருடைய வடிவம்தான். வீட்டு மாடிகளிலிருந்து மக்கள் மாங்கனிகளை வீச, கீழே கைகள் நீள, சப்பரம் நகரும். பட்டும் மாலையும் மூடிய அந்த உருவத்துக்குள் என்ன நளினம் இருக்கிறது என்று தஞ்சாவூர் போய்வந்தவருக்குத் தெரியும். தஞ்சாவூரில் கண்ணாடிக்குள் தனியாக நிற்பவர் எந்தக் கூட்டத்துக்காக வார்க்கப்பட்டார் என்பது மாங்கனி பார்த்தவருக்குத் தெரியும்.

அந்த மாங்கனித் திருவிழாவின் நாயகியான காரைக்கால் அம்மையாரின் திருமேனியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஓர் அம்மையார் இருக்கிறார். கன்சாஸ் நகரத்து நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் இன்னொருவர். இருவரும் சோழர் காலத்தவர்கள். எலும்பு தெரியும் மார்பு, கையில் தாளம், உட்கார்ந்து பாடும் கோலம். இரண்டு அருங்காட்சியகங்களும் தங்கள் இணையதளத்தில் படம் போட்டிருக்கின்றன. மாங்கனிக்கு முன்தினம் கைபேசியில் எடுத்து வீட்டுப் பாட்டிக்குக் காட்டுங்கள். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகளுக்கும் அனுப்புங்கள். அமெரிக்காவில் இருப்பவர்கள் நேரிலேயே போய்ப் பார்த்து எழுதட்டும்.

நேரம் மீதி இருந்தால் அரண்மனைக்குள்ளேயே இருக்கும் சரசுவதி மகாலுக்குப் போகலாம். அதை வளர்த்த இரண்டாம் சரபோஜி மன்னருக்கு ஆசிரியராகவும் காப்பாளராகவும் இருந்த சுவார்ட்ஸ் பாதிரியார் 1750இல் வந்திறங்கியது தரங்கம்பாடியில். ஓலைச்சுவடிக்கும் ஓவியத்துக்கும் முன்னால் கைபேசியின் விளக்கைப் போடக் கூடாது. ஒளியால் சாயம் மங்கும்.

புதுச்சேரி: அலுவல் போகும் நாளில்

காரைக்கால்காரர்களுக்குப் புதுச்சேரி போகாமல் முடியாது. தலைமைச் செயலகத்தில் ஒரு மனு, ஜிப்மரில் ஒரு பரிசோதனை என்று யாராவது போய்க்கொண்டே இருப்பார்கள். நோயாளியோடு போகும்போது வேண்டாம். அலுவல் மட்டும் என்றால், முடிந்தபின் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பாரதி பூங்காவை ஒட்டி, செயின்ட் லூயி வீதியில் இருக்கிறது 1983இல் தொடங்கிய புதுச்சேரி அருங்காட்சியகம். அலுவலக வேலைக்குப் பலர் திங்கட்கிழமையில் போவார்கள். அன்று இது மூடியிருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே பயன்படுத்தியது என்று சொல்லும் கட்டில், பிரெஞ்சுக்காரர் கால மேசை நாற்காலிகள், ஆள் தள்ளும் புஷ்-புஷ் வண்டி ஆகியவற்றின் முன்தான் கூட்டம் நிற்கும். பார்க்க வேண்டியவைதான். ஆனால் என் ஓட்டு, புதுச்சேரிக்கு அருகே உள்ள அரிக்கமேட்டில் கிடைத்தவற்றை வைத்திருக்கும் பேழைகளுக்கே. 1945இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபின்தான் நம் கடற்கரைக்கும் ரோமாபுரிக்கும் இருந்த வணிகம் மண்ணின் சான்றோடு உறுதியானது. திராட்சை மது வந்த ரோமானிய மதுச்சாடிகளின் உடைசல்களைப் பாருங்கள். முழுச் சாடியின் அடிப்பாகம் கூம்பாக இருக்கும், தரையில் நிற்காது. கப்பலின் வயிற்றில் சாய்த்து அடுக்க அதுதான் வசதி. உடைந்த விளிம்பைக் கூர்ந்து பார்த்தால் களிமண்ணில் கலந்த மணலும் தெரியும். பக்கத்தில் மணிகள்: கடுகளவு கண்ணாடி மணியிலிருந்து கல்மணி வரை. கண்ணாடியை உருக்கிக் குழலாக இழுத்து, நறுக்கி, மறுபடி சூடேற்றி முனையை மழுக்கிச் செய்தவை. இவ்வகை மணிகள் தென்கிழக்காசியா முழுக்கக் கிடைக்கின்றன. கழுத்துமணி கோக்கத் தெரிந்த பெண்கள் இந்தப் பேழைமுன் நின்றால், துளை எவ்வளவு நுணுக்கம் என்று அவர்கள்தான் முதலில் சொல்வார்கள்.

பூம்புகார், நாகப்பட்டினம், எழும்பூர்

பூம்புகார் தரங்கம்பாடிக்கு வடக்கே சுமார் இருபது கிலோமீட்டர். 1973இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடமும் தொல்லியல் துறையின் கடலகழாய்வு அருங்காட்சியகமும் உண்டு. பராமரிப்பு வேலைக்காக மூடி வைக்கும் நாள்கள் இருப்பதால் விசாரித்துவிட்டுப் போங்கள். கடலுக்குப் போகிறவர்களுக்கு இங்கே தனி ஈடுபாடு வரும். 1981 முதல் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் தமிழ்நாடு தொல்லியல் துறையும் இந்தக் கரையோரம் மூழ்கி ஆராய்ந்திருக்கின்றன. மூழ்கிய கப்பல் ஒன்றில் ஈயக் கட்டிகள் கிடைத்தன. அவற்றின்மேல் பிளாக்கெட் என்ற பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் பொறித்திருந்தன. இங்கிலாந்திலிருந்து ஏற்றிய சரக்கு, பூம்புகார் கடலில் இறங்கிவிட்டது.

நாகப்பட்டினத்துப் பௌத்தச் செப்புத் திருமேனிகளைப் பார்க்க நாகப்பட்டினத்துக்குப் போய்ப் பயனில்லை. சூடாமணி விகாரம் இருந்த அந்த ஊரில் 1856 தொடங்கி ஏறக்குறைய 350 திருமேனிகள் மண்ணிலிருந்து வந்தன. அவற்றில் பெருந்தொகுதி இன்று சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில். 1851இல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. திருவெண்காட்டு அர்த்தநாரியும் அங்கேதான் இருக்கிறார். காரைக்காலிலிருந்து இரவு ரயில் ஏறினால் காலையில் எழும்பூர் பக்கம் இறங்கிவிடலாம். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம்.

மாசி மகத்தன்று

திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் மாசி மகத்துக்குத் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். மாப்பிள்ளை வருகிறார் என்று பட்டினச்சேரி மீனவர்கள் எதிர்கொண்டு தோளில் ஏந்துவார்கள். மண்டபத்தூர்க்காரர்களுக்கு இது பழகிய காட்சி. இந்த ஆண்டு பார்க்கும்போது தண்டு பீடத்தோடு எப்படிப் பிணைந்திருக்கிறது, தூக்குபவர்கள் அடி வைக்கும்போது திருமேனி எப்படி அசைகிறது என்று கவனியுங்கள். தஞ்சாவூரில் பார்த்த பீடத்து வளையங்களின் வேலை அப்போது கண்முன் நடக்கும். முன்வரிசையில் நெருக்குவதைவிட, சிறுவர்களை அழைத்துக்கொண்டு திரும்பும் வழியில் நின்றால் பக்கவாட்டிலிருந்து நன்றாகத் தெரியும்.

கையில் என்ன எடுத்துப் போவது

ஒரு நோட்டும் பென்சிலும். பேனாவைச் சில இடங்களில் அனுமதிக்க மாட்டார்கள். தண்ணீர், தொப்பி, சில்லறை. கேமராவுக்கும் சில இடங்களில் கைபேசிக்கும் தனிக் கட்டணம் உண்டு. சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குத் தரங்கம்பாடிக் கோட்டையின் படிக்கட்டு சிரமம். அவர்கள் கடல்பக்கக் காற்றில் உட்காரட்டும். பிள்ளைகளிடம் பார்த்ததை எழுதச் சொல்லாதீர்கள், வரையச் சொல்லுங்கள். வரைய வேண்டுமென்றால் விரல் எத்தனை, காதணி இரண்டும் ஒரே மாதிரியா என்று பார்த்தே ஆக வேண்டும்.

உங்கள் மண்ணில் ஏதாவது கிடைத்தால்

திருவெண்காட்டுத் திருமேனிகளைப் போலவே, அருங்காட்சியகங்களில் நாம் பார்க்கும் பலவும் யாரோ மண்வெட்டி போட்டபோது வெளியே வந்தவை. வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போதும் குளம் தூர்வாரும்போதும் சிலையோ நாணயக் குவியலோ பழைய பானையோ கிடைக்கலாம். வலையிலும் வரலாம். அப்போது தோண்டுவதை நிறுத்திவிடுங்கள். கிடைத்த இடத்திலேயே, பக்கத்தில் ஒரு அளவுகோலோ தீப்பெட்டியோ வைத்துப் படம் எடுங்கள். எவ்வளவு ஆழத்தில் இருந்தது, எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது, கூட என்ன இருந்தது என்று எழுதுங்கள். கடலில் என்றால் எத்தனை பாகம் ஆழம், கரையின் எந்த அடையாளத்துக்கு நேர் என்று குறித்துக்கொள்ளுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொன்னாலும் போய்ச் சேரும். கண்டெடுத்தவருக்கு உரிய ஈட்டுத்தொகைக்கும் அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதிகாரிகள் வரும்வரை செப்புச் சிலையைப் புளி போட்டோ சாம்பல் போட்டோ தேய்க்க வேண்டாம். மேலே படிந்திருக்கும் பச்சைப் பூச்சுதான் அது எத்தனை காலம் எந்த மண்ணில் கிடந்தது என்பதைச் சொல்லும்.